டொம் வளைவு

தினேஸ்வரியின் அப்பா ஓட்டும் வண்டியில் ஏற யாரும் ஆசைப்பட மாட்டார்கள். ஒவ்வொரு முறையும் அதில் போகிறவர்களில் ஒருவர் திரும்பி வருவதே இல்லை.

அது பிண வண்டி.

அறுபது வருடங்களுக்கு முன்னால் அது தோட்டத்து ஆஸ்பத்திரியின் ஆம்புலன்ஸாக இருந்தது. கோப்பெங் நகரைத் தாண்டி உள்ளே இருக்கும் அந்தத் தோட்டத்தில் அப்போது ரப்பர் பால்மரங்கள் இருந்தன, ஆஸ்பத்திரி இருந்தது, துரை பங்களா இருந்தது. இப்போது மூன்றும் இல்லை. எங்கே பார்த்தாலும் எண்ணெய் எடுக்கும் செம்பனைதான். வண்டி மட்டும் எப்படியோ தங்கிவிட்டது. கோயில் கமிட்டி அதை வாங்கிக் கறுப்புச் சாயம் அடித்தது. உள்ளே நடுவில் பெட்டி வைக்க ஒரு மேடையும், இரண்டு பக்கமும் ஆட்கள் உட்காரப் பலகையும் போட்டது. நல்ல உயரமான வண்டி. ஈப்போ நகரிலிருந்து வரும் புது வண்டிகள் பளபளப்பாகத்தான் இருக்கும். ஆனால் தாழ்வானவை. தோட்டத்துச் செம்மண் பாதையில் அவற்றின் அடிவயிறு தட்டும்.

தினேஸ்வரியின் அப்பா தேவன், கோப்பெங்கில் ஒரு சின்னப் பட்டறை வைத்திருக்கிறார். லாரி, வேன் எல்லாம் பழுது பார்ப்பார். தோட்டத்தில் யாராவது இறந்தால் பட்டறையைப் பூட்டிவிட்டு வந்து பிண வண்டியை ஓட்டுவார். அதற்குச் சம்பளம் கிடையாது. ஏன் ஓட்டுகிறீர்கள் என்று கேட்டால், "யாராச்சும் ஓட்டணும் லா" என்பார்.

சித்திரை மாதத்தில் தோட்டத்தில் ராக்காயி அம்மா என்பவர் இறந்தார். அன்றைக்குத்தான் அந்தச் சத்தம் கேட்டது.

இடுகாட்டுக்குப் போகும் பாதையில், ஓடைப் பாலத்துக்கு முன்னால் ஒரு வளைவு இருக்கிறது. செம்பனைக் குலை ஏற்றும் லாரிகள் ஓடி ஓடி, அந்த இடத்தில் பாதையே ஓடைப் பக்கமாகச் சாய்ந்துவிட்டது. மெதுவாகப் போகலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். மெதுவாகப் போனால் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் மேட்டில் அந்தக் கிழட்டு வண்டி ஏறாது. கொஞ்சம் வேகத்தோடு திரும்பித்தான் ஆக வேண்டும்.

அன்றைக்கு அப்பா திரும்பியபோது வண்டி ஓடைப் பக்கமாகச் சாய்ந்தது. உள்ளே பெட்டி மேடையிலிருந்து வழுக்கிக்கொண்டு போய்ப் பக்கத் தகரத்தில் மோதியது.

டொம்.

பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்தவர்களுக்குக்கூடக் கேட்டது. ராக்காயி அம்மாவின் மகன் வண்டியை விட்டு இறங்கி, பாதையிலேயே உட்கார்ந்து அழுதார்.

"எங்கம்மாவ இடிச்சிட்டீங்களே, அண்ணே!"

அப்பா பெட்டியை மறுபடியும் மேடையில் ஏற்றி வைத்தார். அன்றிலிருந்து அவர் அரைத் தட்டுச் சோற்றோடு எழுந்துவிடுவார். பெட்டியைக் கயிற்றால் கட்டலாம் என்று கமிட்டியில் சொல்லிப் பார்த்தார். "செத்தவங்கள ஆட்டுக்குட்டி மாதிரி கட்டியா அனுப்புறது?" என்று எல்லாரும் ஒரே குரலாக மறுத்துவிட்டார்கள்.

பள்ளிக்கூடத்தில் அந்த வளைவுக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். டொம் வளைவு. வைத்தவன் தர்வின். தினேஸ்வரி வகுப்புக்குள் நுழைந்தால் போதும், மேசைக்கு அடியில் முட்டியால் ஓங்கித் தட்டுவான். டொம். வகுப்பே சிரிக்கும். தினேஸ்வரிக்கு அவனைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். ஆனால் அவனுடைய அம்மாவைப் பிடிக்கும். சாந்தினி அத்தை பள்ளி வாசலில், உள்ளே மசாலா வைத்துப் பொரித்த கறிபாப் விற்பார். ஓரம் கருகாத கறிபாப்பாகத் தேடி எடுத்துத் தினேஸ்வரிக்குக் கொடுப்பார்.

மூன்று மாதமாக அப்பா அந்த வண்டியை விடவில்லை. முன் அச்சின் இரண்டு முனைகளிலும் பட்டை பட்டையாக அடுக்கிய ஸ்பிரிங் இருக்கும். அதில் பக்கத்துக்கு ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்தார். குலுக்கலைத் தாங்கும் அப்சோபர்கள் பழசாகி எண்ணெய் கசிந்தன, அவற்றைக் கழற்றிவிட்டுப் புதியவற்றை மாட்டினார். அதுவும் போதாதென்று கமுந்திங் வரைக்கும் போய், பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் கடையிலிருந்து 'ப' போல வளைந்த ஒரு தடித்த கம்பியைத் தூக்கி வந்தார்.

"இது என்னாப்பா?" என்று கேட்டாள் தினேஸ்வரி.

"ஸ்டெபிலைசர். நடுப்பகுதிய வண்டிச் சட்டத்துல மாட்டணும். ரெண்டு முனையையும் சக்கரத்துப் பக்கம் அச்சுல மாட்டணும். வண்டி ஒரு பக்கமா சாஞ்சா இந்தக் கம்பி முறுக்கிக்கும். அதுக்கு முறுக்கிட்டு இருக்கப் புடிக்காது. நிமிரப் பாக்கும். வண்டியையும் சேத்து நேராக்கும்."

"அம்மா ஈரப் போர்வைய முறுக்கிப் பிழிஞ்சிட்டு கைய விட்டா, அது தானா திரும்புமே, அந்த மாதிரியா?"

"அதே மாதிரிதான் லா," என்றார் அப்பா. ரொம்ப நாளைக்குப் பிறகு கொஞ்சம் சிரித்தார்.

ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, பக்கத்து வீட்டு வீரம்மா அத்தை மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"சாந்தினி போயிட்டா, தேவா! காலையில அஞ்சு மணிக்கு. ஆஸ்பத்திரியில ஏதோ கையெழுத்தெல்லாம் போடணுமாம். சாயந்திரம்தான் வீட்டுக்குக் கொண்டாருவாங்க. நாளைக்கு ரெண்டு மணிக்கு எடுக்குறாங்க."

சாந்தினி அத்தைக்குச் சிறுநீரகம் கெட்டுப்போயிருந்தது. வாரத்துக்கு மூன்று நாள் ஈப்போவுக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருவார். ஆனாலும் இவ்வளவு சீக்கிரம் போவார் என்று யாரும் நினைக்கவில்லை. வியாழக்கிழமைகூடத் தினேஸ்வரி அவர் கையால் கறிபாப் வாங்கித் தின்றிருந்தாள்.

அப்பா சாவியை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் இருந்த கொட்டகைக்குப் போனார். தினேஸ்வரியும் பின்னாலேயே போனாள். அவர் வண்டியை வளைவு வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பினார். வண்டி நேராக வந்தது. ஆனால் அவர் முகம் தெளியவில்லை.

"சாயலையே, அப்பா. அப்புறம் என்ன?"

"ராக்காயி அம்மாவ எடுத்த அன்னிக்கும் காலையில இப்படித்தான் ஓட்டிப் பாத்தேன். அன்னிக்கும் சாயல."

அப்போது கொட்டகை வாசலில் யாரோ நிற்பது தெரிந்தது. தர்வின். ஒரு காலில் நீலச் சிலிப்பர், இன்னொரு காலில் பச்சைச் சிலிப்பர். கண்கள் வீங்கியிருந்தன.

"தினேஸ்," என்றான். "எங்கம்மாவுக்கும் அப்படி ஆகுமா?"

"எப்படி?"

அவன் வண்டிக் கதவைத் தட்டிக் காட்டக் கையை ஓங்கினான். தட்டவில்லை. கையை இறக்கிக்கொண்டான்.

"அந்தச் சத்தம்," என்றான்.

அவனுக்குச் சொல்வதற்கென்றே மூன்று மாதமாகத் தினேஸ்வரி பதில்களைச் சேர்த்து வைத்திருந்தாள். நறுக்கென்று நாலு, குத்தலாக ஏழு. இப்போது அதில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. பாவமாக இருந்தது. ஆகாது என்று பொய் சொல்லவும் மனம் வரவில்லை.

"தெரியல," என்றாள். பிறகு அப்பாவிடம் திரும்பினாள். "ராக்காயி அம்மாவ எடுத்த அன்னிக்கு வண்டியில எத்தன பேரு?"

"எட்டுப் பேரு. பெட்டி வேற."

"காலையில ஓட்டிப் பாத்தப்ப?"

"நான் மட்டும்தான்."

"அப்ப ஆளுங்கள ஏத்தித்தானே ஓட்டிப் பாக்கணும்?"

அப்பா அவளையே பார்த்தார். அவருக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஆனால் நடக்கக்கூடியது என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை.

"பொண வண்டியில சும்மா யாரும்மா ஏறுவா?"

அதுவும் உண்மைதான். அந்தத் தோட்டத்தில் பிண வண்டியைத் தொட்டாலே தீட்டு, குளிக்க வேண்டும். கமிட்டித் தலைவர் பழனியப்பன், சாவியைக்கூட அப்பா கையில் மேலிருந்து போடுவாரே தவிர வைக்க மாட்டார். கொட்டகைக்குள் பந்து விழுந்தால் பையன்கள் புதுப் பந்து வாங்கிவிடுவார்கள். இதனால்தான் வண்டியை எப்போதும் காலியாகவே ஓட்டிப் பார்த்தார்கள். பாரம் ஏறினால் அது என்ன செய்யும் என்பது, பெட்டி உள்ளே ஏறிய பிறகுதான் தெரிந்தது.

"கேட்டுப் பாக்குறேன்," என்றாள் தினேஸ்வரி.

மூன்று பேரும் தர்வின் வீட்டுக்குப் போனபோது, வாசலில் ஆட்கள் பந்தல் போட்டுக்கொண்டும் நாற்காலிகளை இறக்கிக்கொண்டும் இருந்தார்கள். தர்வினின் அப்பா ஒரு மூலையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். தினேஸ்வரி பந்தலுக்கு நடுவில் போய் நின்றாள். எல்லாரையும் பார்த்துக் கேட்டுவிட்டாள்.

"எட்டுப் பேரு வண்டியில ஏறணும். வளைவு வரைக்கும் போயிட்டு வந்துடலாம். சாயுதான்னு பாக்கணும்."

சுத்தியல் சத்தம் நின்றது.

"என்னா பேச்சு இது!" என்றார் பழனியப்பன். "அது செத்தவங்க போற வண்டி. உசுரோட இருக்கறவங்க சும்மா ஏறி ஊர்கோலம் போறதா? தேவா, புள்ளைய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ."

"பொம்பளப் புள்ள பேசுற பேச்சா இது?" என்றார் வீரம்மா அத்தை.

தினேஸ்வரிக்கு அழுகை முட்டியது. அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"நான் ஏறுறேன்."

தர்வின்தான்.

"டேய், நீ சின்னப் புள்ள. சும்மா இரு," என்றார் பழனியப்பன்.

"நாளைக்கு எங்கம்மா அதுலதான் போவாங்க, ஐயா. அவங்களுக்கு முன்னாடி நான் ஏறிப் பாக்குறேன்."

தர்வினின் அப்பா மூலையிலிருந்து எழுந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நானும் வாரேன்," என்றார்.

இரண்டு பேர் ஆகிவிட்டார்கள். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். தினேஸ்வரிக்கு அப்போதுதான் அது தோன்றியது.

"சாவு வீட்டுக்கு வந்துட்டீங்க. எப்படியும் வீட்டுக்குப் போனதும் குளிக்கத்தானே போறீங்க?"

"ஆமா. அதுக்கென்ன?" என்றார் பழனியப்பன்.

"வண்டியில ஏறிட்டு அப்புறமா குளிங்க. ரெண்டுக்கும் சேத்து ஒரே குளியல்தானே?"

பந்தல்கால் பிடித்திருந்த இரண்டு அண்ணன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பழனியப்பன் வாயைத் திறந்தார், மூடினார், கடைசியில் தோளில் கிடந்த துண்டை உதறினார்.

வீரம்மா அத்தைதான் முதலில் அசைந்தார். "எனக்கு ஒரு சந்தேகம் லா. பொம்பளைங்க இடுகாட்டுக்குப் போகக் கூடாதே?"

"இடுகாட்டுக்குப் போகல, அத்தை. வளைவோட திரும்பிடுவோம்."

"அப்ப நான் ஏறுறேன். நான் ஒருத்தி ஏறினா ரெண்டு ஆளு கணக்கு."

அப்பா வண்டியைப் பந்தலுக்குக் கொண்டுவந்தார். வீரம்மா அத்தை ஒரு பக்கம் ஏறியபோது வண்டி லேசாகச் சாய்ந்ததை எல்லாரும் பார்த்தார்கள். சாவு வீடு என்பதால் யாரும் சிரிக்கவில்லை.

பெட்டிக்குப் பதிலாகக் கோயில் அரிசி மூட்டைகள் மூன்றை மேடையில் ஏற்றினார்கள். "இந்த அரிசிக்கும் தீட்டுதானே?" என்று பழனியப்பன் கடைசியாக ஒரு முறை முயன்று பார்த்தார்.

"அரிசியக் கழுவித்தானே சமைப்போம், ஐயா," என்றாள் தினேஸ்வரி. அவரும் ஏறிக்கொண்டார். பந்தல் போட்ட அண்ணன்களும் ஏற, எட்டு ஆள் கணக்கு நிறைந்தது.

புறப்படும் முன் தினேஸ்வரி வண்டிக்கு அடியில் புகுந்தாள். அந்த 'ப' கம்பியைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் இரண்டு ரப்பர் புஷ்களுக்குப் பக்கத்தில், கம்பியின் மேல் சாக்குக்கட்டியால் பக்கத்துக்கு ஒரு கோடு போட்டாள்.

"எதுக்கு?" என்றான் தர்வின்.

"கம்பி இருந்த எடத்துலயே இருக்கான்னு பாக்க."

பிறகு அவள் ஓடிப்போய் வளைவில், ஓடைக்கு எதிர்ப்பக்கம் நின்றுகொண்டாள். வண்டி வந்தது. அப்பா அன்றைக்கு ஓட்டிய அதே வேகத்தில் திருப்பினார். முன் சக்கரத்தின் மேல் வண்டியின் உடம்பு அமுங்கியது. இன்னும் அமுங்கியது. ஓடைப் பக்கமாக வண்டி முழுவதும் சாய்ந்தது. உள்ளே வீரம்மா அத்தை அலறுவது கேட்டது. மூட்டைகள் வழுக்கிப் போய்ப் பக்கத் தகரத்தில் மோதின.

டொம்.

வண்டி நின்றதும் தர்வின் இறங்கினான். முகத்தில் ரத்தமே இல்லை. பள்ளிக்கூடத்தில் அவன் எத்தனை முறை அந்தச் சத்தத்தை எழுப்பியிருப்பான்! இப்போது பாதையோரம் போய் வாந்தி எடுத்தான். அவன் அப்பா அவன் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"முடிஞ்சுது," என்றார் தினேஸ்வரியின் அப்பா. ஸ்டியரிங்கிலேயே தலையைச் சாய்த்துக்கொண்டார். "என்னால முடியல. வேற வண்டி பாத்துக்கங்க."

தினேஸ்வரி அதற்குள் வண்டிக்கு அடியில் இருந்தாள்.

"அப்பா! கோடு இங்க இல்ல!"

"என்னது?"

"ரெண்டு கோடும் ரப்பரை விட்டு மூணு விரல் தள்ளிப் போயிருக்கு!"

அப்பா இறங்கி மல்லாந்து படுத்து, அடியில் நகர்ந்து பார்த்தார். கம்பியைப் பிடித்து ஆட்டினார். அந்தப் புஷ்கள் வேறொரு லாரியுடையவை. துளை கொஞ்சம் பெரிது. காலி வண்டியில் அது ஒன்றும் செய்யவில்லை. பாரம் ஏறியதும் கம்பி முறுக்கிக்கொள்வதற்குப் பதிலாக, பிடியில்லாமல் பக்கவாட்டில் நழுவிவிட்டது. மூன்று மாத வேலையும் அந்தத் துளையில் போயிருந்தது.

"வெல்டிங் வச்சிடலாம்ணே," என்றான் பந்தல் போட வந்த ஓர் அண்ணன்.

"கூடாது. இந்தக் கம்பியில வெல்டிங் பட்டா ஒரு நாள் பட்டுன்னு ஒடஞ்சிடும்," என்றார் அப்பா. அவர் குரல் மாறியிருந்தது. அது பட்டறையில் பேசும் குரல். "தினேஸ், பழைய லாரி டியூப் ஒண்ணு கொட்டகையில கெடக்கு. ரெண்டு விரல் அகலத்துக்கு வெட்டு."

தினேஸ்வரியும் தர்வினும் கொட்டகை வாசலில் உட்கார்ந்து டியூபை வெட்டினார்கள். அவன் இழுத்துப் பிடித்தான், அவள் வெட்டினாள்.

"நேத்து அம்மா பால் வாங்கிட்டு வரச் சொன்னாங்க," என்றான் தர்வின் திடீரென்று. "நான் வெளையாடிட்டு மறந்துட்டேன்."

தினேஸ்வரி வெட்டுவதை நிறுத்திவிட்டு அவன் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள். அவன் அழுது முடிக்கும் வரை காத்திருந்தாள்.

"கிளாஸ்ல நான் தட்டினேன்ல," என்று அவன் தொடங்கினான்.

"டியூப நல்லா இழுத்துப் பிடி. கோணலாப் போகுது," என்றாள் அவள். அவன் இழுத்துப் பிடித்தான்.

அப்பா அந்த ரப்பர்ப் பட்டைகளைக் கம்பியில் இறுக்கமாகச் சுற்றி, அதன் மேல் புஷ்களை மாட்டினார். கம்பி எந்தப் பக்கமும் நகராதபடி ஒவ்வொரு புஷ்ஷுக்கும் இரண்டு பக்கத்திலும் இரும்பு வளையம் போட்டு போல்ட்டால் முடுக்கினார். தினேஸ்வரி பழைய கோடுகளை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டாள்.

இந்த முறை ஆட்களைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. பழனியப்பனே முதலில் ஏறி உட்கார்ந்திருந்தார். தர்வின் அரிசி மூட்டைமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டான். வண்டி வளைவில் திரும்பியது. கொஞ்சம் அமுங்கியது, அவ்வளவுதான். மூட்டை அசையவில்லை. கோடுகளும் நகரவில்லை. ஆனால் அப்பா, "நாளைக்குப் பாப்போம்," என்று மட்டும் சொன்னார்.

ஆறு மணிக்குச் சாந்தினி அத்தை வீட்டுக்கு வந்தார்.

மறுநாள் இரண்டு மணிக்கு எடுத்தார்கள். தினேஸ்வரி இடுகாட்டுக்குப் போக முடியாது. ஆகவே முன்னாலேயே போய் வளைவில் நின்றாள். முதலில் உறுமி மேளம் கேட்டது. வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் தர்வினின் அப்பா வண்டியிலிருந்து கையை நீட்ட, மேளம் நின்றது. பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்கள்கூட நின்றுவிட்டன. எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

வண்டி திரும்பியது. ஓடைப் பக்கம் லேசாக அமுங்கி, உடனே நிமிர்ந்தது. எஞ்சின் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. ஜன்னலில் தர்வின் தெரிந்தான். அவன் கை பெட்டிமேல் இருந்தது. வண்டி பாலத்தைத் தாண்டி மேட்டில் ஏறி மறைந்த பிறகுதான் தினேஸ்வரி அழுதாள். ஓரம் கருகாத கறிபாப்பை இனி யார் தேடிக் கொடுப்பார்கள்?

மாலையில் எல்லாரும் திரும்பி வந்து குளித்துக்கொண்டிருந்தார்கள். "தர்வின் எங்க? குளிக்காம எங்க போனான் இந்தப் பய?" என்று வீரம்மா அத்தை வாளியும் கையுமாகத் தேடிக்கொண்டிருந்தார்.

அவன் கொட்டகைப் பக்கமிருந்து வந்தான். தலை மொட்டை. வெள்ளை வேட்டியிலும் முதுகு முழுவதும் செம்மண். நேராகத் தினேஸ்வரியிடம் வந்தான்.

"அடியில போய்ப் பாத்தேன்," என்றான். "கோடு அங்கயேதான் இருக்கு."

"ரெண்டுமா?"

"ரெண்டும்."

அன்றைக்குத் தினேஸ்வரியின் அப்பா ஒரு தட்டுச் சோறு முழுவதும் சாப்பிட்டார். பிறகு, குழம்பு இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்.